எட்டெழுத்துப் பெயரா, நீளப் பெயரா: டிஜிபிஎஸ் லாக் ஃபைலுக்கு எது பொருந்தும்?

செயற்கைக்கோள் சிக்னலை வைத்து நிலத்துப் புள்ளிகளைத் துல்லியமாக அளக்கும் டிஜிபிஎஸ் சர்வே முடிந்து ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலை, ரிசீவரில் பதிவாகியிருக்கும் டேட்டாவை, அதாவது லாக் ஃபைல்களைக் கணினிக்கு இறக்குவது. அந்த ஃபைலுக்கு என்ன பெயர் என்று அன்றைக்கு யாரும் கவலைப்படுவதில்லை. ஆறு மாதம் கழித்து, "அந்த மூணாவது பாயின்டை மட்டும் மறுபடி ப்ராசஸ் பண்ணிக் கொடுங்க" என்று போன் வரும்போதுதான் பெயரின் அருமை தெரிகிறது.

களத்தில் நான் பார்த்த பழக்கங்கள் நான்கு. ரிசீவர் தானே வைக்கும் பெயரை அப்படியே விடுவது, நாமே ஊர்ப்பெயர் வைப்பது, எல்லா ரிசீவர் டேட்டாவுக்கும் பொது வடிவமான ரைனெக்ஸின் 2-ஆம் பதிப்புக் காலத்து எட்டெழுத்துப் பெயர், ரைனெக்ஸ் 3-இன் நீளப் பெயர். நான்கையும் பயன்படுத்தி, நான்கிலும் அடி வாங்கியிருக்கிறேன்.

ரிசீவர் வைக்கும் பெயரிலிருந்து தொடங்கலாம். ட்ரிம்பிள் கம்பெனி ரிசீவர்களில் வழக்கம், சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பிறகு ஆண்டின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கம், கடைசியில் அன்றைய எத்தனையாவது செஷன் (தொடங்கி நிறுத்தும் வரையிலான ஒரு பதிவு) என்பதற்கு பூஜ்யத்தில் தொடங்கும் ஒரு குறி. 53450610 என்று ஒரு ஃபைல் இருந்தால், 5345 என்று முடியும் கருவி 61-ஆம் நாளில் எடுத்த முதல் செஷன். எந்தக் கருவி என்பது சந்தேகமில்லாமல் தெரிகிறது. ஒரு ரிசீவரில் கோளாறு என்று பின்னால் தெரிய வந்தால், அது தொட்ட ஃபைல்களை எல்லாம் ஒரே தேடலில் பிடித்துவிடலாம். ஆனால் எந்த பாயின்ட் என்பது பெயரில் இல்லை. அதே கருவியைக் காலையில் ஒரு சர்வே கல்லிலும் மதியம் இன்னொரு கல்லிலும் வைத்தால், எது எது என்பதற்கு ஃபீல்டு புக் மட்டும்தான் சாட்சி.

வேறு சில ரிசீவர்கள் 'லாக்' என்று தொடங்கி, மாதம், தேதி, ஓர் எழுத்து என்று பெயர் வைக்கும். ஆண்டும் கிடையாது, கருவி எண்ணும் கிடையாது. இதில்தான் எனக்குப் பெரிய அடி விழுந்தது. ஒரே மாடல் ரிசீவர் இரண்டு, ஒரே நாள், இரண்டிலும் முதல் செஷன். இரண்டு ஃபைலுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். முதலாவதை ஃபோல்டரில் போட்டாச்சு. இரண்டாவதைப் போடும்போது, ஏற்கெனவே இருப்பதை மாற்றவா என்று கணினி கேட்டது. இறங்காமல் பாதியில் நின்றதைத் தொடரச் சொல்கிறது என்று நினைத்து 'ஆம்' அழுத்தினேன். ரிசீவர் மெமரியை அதற்குள் துடைத்திருந்தோம். நான்கு மணி நேர பேஸ் டேட்டா, அதாவது மற்ற பாயின்டுகளைக் கணக்கிட ஆதாரமாக ஒரே கல்லில் வைத்த ரிசீவரின் பதிவு, போயிற்று. மறுநாள் விடியற்காலை அதே கல்லுக்குத் திரும்பிப் போய் ட்ரைபாட் விரித்தோம்.

அதன்பிறகு கொஞ்ச காலம் ஊர்ப்பெயர் வைத்துப் பார்த்தேன். படிக்க சுகம், பார்த்ததும் இடம் கண்ணில் வரும். ஆனால் நம் ஊரில் புதூர் என்று எத்தனை ஊர்! மேலப்புதூர், கீழப்புதூர், வெறும் புதூர். ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ஒருவர் ஒரு மாதிரியும் அடுத்தவர் வேறு மாதிரியும் அடிப்பார்கள். தேடினால் பாதிதான் கிடைக்கும். தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்று போட்டால், ஃபோல்டரில் மார்ச் ஒன்றாம் தேதிக்கு அடுத்து ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்து நிற்கும். ஆண்டை முன்னால் போட்டால் மட்டுமே வரிசை ஒழுங்காக வரும். அப்புறம், பெயருக்குள் ஆன்டெனா உயரத்தை எழுதும் பழக்கம். இதை நான் கடுமையாக எதிர்ப்பேன். 1.652 என்பது சாய்வாக அளந்ததா, செங்குத்தாக அளந்ததா என்று பெயர் சொல்லாது. பின்னால் ஹெடரில் (ஃபைலுக்குள் தொடக்கத்தில் இருக்கும் விவரப் பகுதி) திருத்தினாலும் பெயரில் பழைய எண்ணே நிற்கும். உயரத்துக்கு இடம் ஃபீல்டு புக்கும் ஹெடரும்தான்.

இனி ரைனெக்ஸ். 1989-இல் ஐரோப்பாவில் யூரெஃப் 89 என்ற பெரிய அளவீடு நடந்தது. நான்கு கம்பெனிகளின் 60-க்கும் மேற்பட்ட ஜிபிஎஸ் ரிசீவர்கள் அதில் இருந்தன. அத்தனை டேட்டாவையும் ஒன்றாகக் கணக்கிட ஒரு பொது வடிவம் வேண்டும் என்று, சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் வெர்னர் குர்ட்னர் உருவாக்கியதுதான் ரைனெக்ஸ். அன்றைய டாஸ் கணினிகள் புள்ளிக்கு முன்னால் எட்டு எழுத்து, பின்னால் மூன்று எழுத்துக்கு மேல் ஏற்காது. அந்தச் சின்ன இடத்துக்குள் அடைத்த பெயர்தான் இன்றைக்கும் பலர் பயன்படுத்துவது: ஸ்டேஷனுக்கு நான்கு எழுத்து, நாளுக்கு மூன்று இலக்கம், செஷனுக்கு ஒரு குறி, புள்ளி, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், ஃபைல் வகைக்கு ஓர் எழுத்து.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கும் ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். 2024 மார்ச் 1-ஆம் தேதி முழு நாள் டேட்டா: ஐஐஎஸ்சி0610.24ஓ. செஷன் இடத்தில் பூஜ்யம் இருந்தால் முழு நாள். ஒரு மணி நேர ஃபைல் என்றால் பூஜ்யத்துக்குப் பதில் ஏ முதல் எக்ஸ் வரை 24 எழுத்துகளில் ஒன்று. மிகக் கச்சிதமான வேலை. 12 எழுத்தில் இவ்வளவு சொல்லும் பெயர் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. டேட்டா ஒரு நொடிக்கு ஒன்றா, 30 நொடிக்கு ஒன்றா என்பது மட்டும் இதில் தெரியாது. ட்ரோன் வேலைக்கு ஒரு நொடி டேட்டா வேண்டும். திறந்து பார்த்த பிறகுதான் 30 நொடி என்று தெரிந்து தலையில் கை வைக்க வேண்டியிருக்கும்.

நீளப் பெயர் இந்தக் குறையைத் தீர்க்கிறது. 2013-இல் வந்த ரைனெக்ஸ் 3.02 இதைப் பரிந்துரைத்தது. நான்கு எழுத்து ஸ்டேஷனோடு ஆன்டெனா நிற்கும் தூண் எண், ரிசீவர் எண், நாட்டுக்கு மூன்று எழுத்து என ஒன்பது எழுத்து. பெங்களூரு ஸ்டேஷன் ஐஐஎஸ்சி00ஐஎன்டி ஆகிறது. டேட்டா ரிசீவரிலிருந்து நேராக வந்ததா, ஸ்ட்ரீம் (நேரலை இணைப்பு) வழியாக வந்ததா என்று ஓர் எழுத்து. நான்கு இலக்க ஆண்டு, நாள், மணி, நிமிடம் என்று தொடக்க நேரம் 20240610000. எவ்வளவு நேரம், எத்தனை நொடிக்கு ஒருமுறை, எந்தச் செயற்கைக்கோள் கூட்டங்கள் என்பதும் பெயரிலேயே உண்டு. மொத்தம் 38 எழுத்து. கையால் அடித்தால் பிழை வரும், அது உண்மை. ஆனால் ஏன் கையால் அடிக்க வேண்டும்? ஜெர்மனியின் ஜிஎஃப்இஸட் வெளியிடும் ஜிஎஃப்இஸட்ஆர்என்எக்ஸ் போன்ற நிரல்கள் உள்ளே இருக்கும் நேரத்தைப் பார்த்து இந்தப் பெயரைத் தாமே அமைத்துவிடும்.

இரண்டு ரைனெக்ஸ் பெயரிலும் நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பெயரில் இருக்கும் நாள் ஜிபிஎஸ் நேரப்படியானது. அதற்கும் கிரீன்விச் நேரத்துக்கும் சில நொடிதான் வித்தியாசம். ஆகவே அந்த நாள் நமக்குப் புலர்வது காலை ஐந்தரை மணிக்கு. வெயிலுக்கு முன்னால் முடிக்கலாம் என்று மார்ச் 1-ஆம் தேதி காலை 5 மணிக்கு ரிசீவரை ஆன் செய்தால், அந்த நேரம் ரைனெக்ஸ் கணக்கில் பிப்ரவரி 29, இரவு பதினொன்றரை. பெயரில் 061 வராது, 060 வரும். மணி எழுத்தும் ஏ அல்ல, எக்ஸ். ஒன்பது மணி வரை எடுத்த அந்த ஒரே செஷனைக் கோர்ஸ் ஸ்டேஷன் (ஓரிடத்தில் நிரந்தரமாக நின்று தொடர்ந்து பதிவு செய்யும் நிலையம்) டேட்டாவோடு சேர்க்க இரண்டு நாள் ஃபைல்கள் இறக்க வேண்டும். ஃபீல்டு புக்கில் இந்திய நேரம், பெயரில் கிரீன்விச் நாள் என்று இருப்பதைப் புரிந்துகொள்ளாமல், டேட்டாவே தவறு என்று ஒதுக்கிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயரை மாற்றினால் ஹெடர் மாறாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று ஃபைலுக்கும் அழகாக மூன்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே மூன்றிலும் பாயின்ட் பெயர் 'பேஸ்' என்றே இருந்தால், பல ப்ராசஸிங் சாஃப்ட்வேர்கள் மூன்றையும் ஒரே புள்ளியாக எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

என் தேர்வைக் கேட்டால், சேமித்து வைக்கும் ரைனெக்ஸ் ஃபைலுக்கு நீளப் பெயர்தான். பழைய சாஃப்ட்வேர் அதை ஏற்காவிட்டால் அந்த வேலைக்கு மட்டும் எட்டெழுத்துப் பிரதி ஒன்று எடுத்துக்கொள்வேன். ரிசீவர் கொடுத்த மூல ஃபைலின் பெயரில் கை வைப்பதில்லை. ஒவ்வொரு ரிசீவருக்கும் தனி ஃபோல்டர், ஃபோல்டர் பெயரில் ஆண்டு-மாதம்-நாள், சீரியல் எண், பாயின்டின் நான்கெழுத்துக் குறி. இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, அளவு சரியா என்று பார்த்த பிறகே ரிசீவர் மெமரியைத் துடைப்போம். புதூர்களுக்கு எல்லாம் தனித்தனிக் குறி கொடுத்து ஒரு பட்டியல் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது. ரிசீவர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் நாள் எண் அட்டவணை. அதன் மேலே சிவப்பு மையில் '5.30' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.