ஃபத்தாக் துடைப்பம்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மொரீஷியசின் ரோஸ்ஹில் சந்தையில், கையால் கட்டிய ஃபத்தாக் புல் துடைப்பம் ஒன்றை ஆறு மாதங்களுக்கு முன் வாங்கினேன். தமிழ்நாட்டில் பூந்துடைப்பம் என்று விற்கிறார்களே, அதே வகைப் புல்லின் பூங்கதிர்தான் இது.

முதல் இரண்டு வாரங்களுக்குப் பொறுமை வேண்டும். பெருக்கப் பெருக்கப் பூந்தூள் உதிர்ந்து, பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்க வைத்தது. வாங்கியவுடன் சுவரில் நன்றாகத் தட்டி, நீரில் அலசி, தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்திருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்திருக்கும். விற்றவர் அதைச் சொல்லாமல் விட்டது எனக்குக் குறைதான்.

அதன்பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. பூசை மாடத்தின் கீழே சிந்தும் திருநீற்றை, காற்றில் கிளப்பாமல் அப்படியே ஒதுக்கித் தருகிறது. கட்டிலுக்கடியில் சேரும் முடியும் நூலும் கதிர்களில் சிக்கி வந்துவிடுகின்றன. ஈரத் தரையில் மட்டும் இதைப் பயன்படுத்தக் கூடாது, கதிர்கள் ஒட்டிக்கொண்டு பூசணம் பிடித்துவிடும். முற்றத்துக்குத் தென்னை ஈர்க்குமாறே சரி. இவை இரண்டும் வந்தபின், கதவுக்குப் பின்னால் அடைந்து கிடந்த தேய்ந்த துடைப்பங்களையும் பழுதான வாக்குவம் கிளீனரையும் அப்புறப்படுத்திவிட்டேன். காலையில் பத்து நிமிடத்தில் மூன்று அறைகளும் முடிந்துவிடுகின்றன. இது தேய்ந்தால் அடுத்ததையும் அதே கடையில்தான் வாங்குவேன்.