பிரவுன் தாளுக்குள் மறைந்த முகம்: ஐந்து இளையோர் நாவல்களின் அட்டைகள்

எங்கள் மேல்நிலைப் பள்ளி நூலகத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் திருப்பிக் கொடுத்த நாவலுக்கு, பாடப்புத்தகத்துக்குப் போடுவதுபோலப் பிரவுன் தாளில் கச்சிதமாக அட்டை போடப்பட்டிருந்தது. மூலைகள் ஒட்ட மடிக்கப்பட்டு, முதுகில் நூலக எண் மட்டும் தெரியும்படி ஒரு சிறு சதுரம் வெட்டி விடப்பட்டிருந்தது. நூலைப் பேணத் தெரிந்த பிள்ளை என்று மகிழ்ந்து பாராட்டினேன். அவன் நெளிந்தபடி, “அதுக்கில்ல மிஸ், பஸ்ல இதை வெச்சுப் படிச்சா பசங்க ஓட்டுறாங்க” என்றான். தாளைச் சற்று விலக்கிப் பார்த்தால், அட்டை முழுவதும் ஓர் இளம்பெண்ணின் முகம். கதை பிடித்திருந்ததா என்று கேட்டேன். இரண்டே நாளில் முடித்துவிட்டதாகச் சொல்லி, அதே ஆசிரியரின் வேறு நூல் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டான்.

சென்ற கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கென்று நாங்கள் வாங்கிய ஆங்கில இளையோர் நாவல்களில் ஐந்தை எடுத்து, அவற்றின் அட்டைகளை மட்டும் மதிப்பிட நான் முற்படுவதற்கு அந்தப் பிரவுன் தாளே காரணம். கதைகளின் தரத்தைப் பற்றி இங்கே நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்து நூலை மூடியபின் அட்டையை மறுபடி பார்க்கும் பிள்ளை, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறதா, அல்லது இப்போதுதான் புரிகிறது என்று நினைக்கிறதா என்பதுதான் என் அளவுகோல்.

இந்த அட்டைகள் எப்படி முடிவாகின்றன என்று தெரிந்துகொண்டால் பல குறைகளுக்குக் காரணம் விளங்கும். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் பெரிய பதிப்பகங்களில் நூல் வெளிவருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, சில வேளைகளில் ஆசிரியர் இன்னும் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும்போதே, அட்டை வேலை தொடங்கிவிடுகிறது. பதிப்பாசிரியர் கதைச்சுருக்கத்தையும், அது எந்த வயதினருக்கானது என்பதையும், அதே வகையில் நன்றாக விற்ற இரண்டு மூன்று நூல்களின் பெயர்களையும் குறித்துக் கலை இயக்குநரிடம் கொடுக்கிறார். வடிவமைப்பாளர் பல மாதிரிகளைச் செய்து காட்டுகிறார். பிறகு பதிப்பாசிரியரும் விளம்பரப் பிரிவினரும் விற்பனைப் பிரிவினரும் ஒன்றாக உட்கார்ந்து அவற்றில் ஒன்றைத் தேர்கிறார்கள். அதோடும் விஷயம் முடிவதில்லை. பார்ன்ஸ் அண்ட் நோபிள் போன்ற பெரிய கடைத்தொடரின் கொள்முதல் அதிகாரிக்குப் பிடிக்கவில்லை என்றால், எல்லாரும் ஒப்புக்கொண்ட அட்டையும் மாற்றப்படுவது உண்டு. நாவலாசிரியரின் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருப்பது அவரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற வரிதான். அவருடைய ஒப்புதல் இன்றி அச்சிடக் கூடாது என்ற வரி பெயர் பெற்ற சிலருக்கே வாய்க்கிறது. நம் ஊர்ச் சிறு பதிப்பகங்களில் எழுத்தாளரே ஓவியரைத் தேடிப்பிடித்து, ரேப்பர் இப்படித்தான் வர வேண்டும் என்று அச்சகம் வரை போய் உட்கார்ந்துகொள்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாகவே இருக்கும்.

முதல் நூல் ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’. 2005இல் வந்த இதன் அட்டையை அறியாத இளம் வாசகர் குறைவு: கறுப்புப் பின்புலத்தில் வெளிறிய இரு கைகள், அவற்றில் ஏந்திய ஒரு சிவப்பு ஆப்பிள். நூலின் தொடக்கத்தில் ஆதியாகமத்திலிருந்து, விலக்கப்பட்ட கனியைப் பற்றிய வசனம் மேற்கோளாக இருப்பதால், படம் கதையோடு ஒட்டி நிற்கிறது. இரண்டாம் பாகமான ‘நியூ மூன்’ அட்டையில் இருக்கும் டியூலிப் மலருக்கு அந்தத் தகுதி கிடையாது. அந்த அட்டையில் தனக்குப் பங்கே இல்லை என்றும், மலருக்கு என்ன பொருள் என்று தனக்கே தெரியாது என்றும் மேயர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். லட்சக்கணக்கில் விற்கும் தொடரின் ஆசிரியருக்கே இதுதான் நிலைமை. இந்தக் கறுப்பு, சிவப்பு, வெள்ளைக் கூட்டணி அதன்பின் பல ஆண்டுகள் கடைகளை ஆண்டது. 2009இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் எமிலி பிராண்டியின் ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவலையே கறுப்பு அட்டையும் சிவப்பு மலருமாக மாற்றி, மேயரின் நாவலில் வரும் காதலர்களுக்குப் பிடித்த நூல் இது என்ற குறிப்பையும் சேர்த்து விற்றது. வணிகத் தந்திரம் என்று முகம் சுளிக்கலாம். ஆனால் 1847இல் வெளிவந்த ஒரு நாவலைப் பதினைந்து வயதுப் பிள்ளை தானாகக் கையில் எடுத்தது என்றால், நூலகராக நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் அதிகம் பேச விரும்புவது ஜஸ்டின் லார்பலஸ்டியர் எழுதிய ‘லையர்’ என்ற நாவலின் அட்டையைப் பற்றி. பிரவுன் தாளுக்குள் இருந்ததும் இதுதான். பெயருக்கேற்பக் கதையைச் சொல்லும் மைக்கா என்ற பெண் ஓயாமல் பொய் சொல்பவள். எதை நம்புவது, எதை விடுவது என்ற தவிப்பில்தான் நாவல் முழுவதும் ஓடுகிறது. அவளுடைய தந்தை கறுப்பினத்தவர், தாய் வெள்ளையர். அவள் தன்னைக் கறுப்பினப் பெண்ணாகவே விவரிக்கிறாள், தலைமுடியைக் குட்டையாக வைத்திருக்கிறாள், புதிய பள்ளியில் சேர்ந்த முதல் சில நாட்கள் தன்னைப் பையன் என்றே எல்லாரையும் நம்பவைக்கிறாள். ஆசிரியர் ஆஸ்திரேலியர். அந்நாட்டில் ஆலன் அண்ட் அன்வின் வெளியிட்ட பதிப்பின் அட்டையில் முகம் எதுவும் இல்லை, எழுத்துகள் மட்டுமே இருந்தன. 2009இல் அமெரிக்காவில் புளூம்ஸ்பரி தயாரித்த அட்டையிலோ, நீண்ட நேரான முடியுள்ள ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம் இருந்தது.

இதை வெறும் பொருத்தமின்மை என்று கடந்துபோக முடியாது. முன்கூட்டியே அனுப்பப்பட்ட பிரதிகளைப் படித்தவர்கள், மைக்கா கறுப்பினப் பெண் என்பதும் அவள் சொன்ன பொய்களில் ஒன்றா என்று ஆசிரியரைக் கேட்கத் தொடங்கினார்கள். நாவலில் அவள் சொல்லும் மிகச் சில உண்மைகளில் ஒன்றை அட்டை பொய்யாக்கிவிட்டது. ஆசிரியர் இதை வெளிப்படையாக எழுதினார். கறுப்பின முகம் உள்ள அட்டைகள் விற்பதில்லை என்று பதிப்புத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்வதையும், அப்படிப்பட்ட நூல்களுக்கு ஒழுங்கான விளம்பரமோ கடையில் நல்ல இடமோ கொடுக்காமலே அந்த முடிவுக்கு வருவதையும் சுட்டிக்காட்டினார். எதிர்ப்பு வலுத்ததும், நூல் கடைகளுக்கு வருவதற்கு முன்பே புளூம்ஸ்பரி அட்டையை மாற்றியது. அடுத்த சில மாதங்களிலேயே, 2010 ஜனவரியில், அதே பதிப்பகம் ‘மேஜிக் அண்டர் கிளாஸ்’ என்ற வேறொரு நாவலுக்கும், மாநிறக் கதாநாயகிக்கு வெள்ளைப் பெண்ணின் படத்தைப் போட்டு, மறுபடி எதிர்ப்பைச் சந்தித்து, மறுபடி மாற்றியது என்பதைப் பார்க்கும்போது, முதல் தடவை நடந்ததைத் தற்செயல் என்று ஏற்க மனம் வரவில்லை. பெண் பார்க்கும்போது ‘நல்ல நிறமா’ என்று கேட்டுப் பழகிய நமக்கு இந்த வியாபாரக் கணக்கு புதிதும் இல்லை, அந்நியமும் இல்லை.

எங்கள் நூலகத்தில் இருப்பது மாற்றிய அட்டை. மாநிறமான பெண் ஒருத்தியின் முகம் அதில் இருக்கிறது. அந்த அளவில் பழுது நீங்கியது. இருந்தாலும் என் அளவுகோலில் அது பாதிதான் தேறுகிறது. ஒரு பள்ளியையே தன்னைப் பையன் என்று நம்பவைத்தவளுடைய கதை இது. அட்டையில் இருக்கும் அழகிய முகத்தைப் பார்த்து யாரும் அப்படி நம்பியிருக்க மாட்டார்கள். தவிர, முகத்தைப் பெரிதாகப் போட்ட அட்டை இன்னொரு வாசலையும் அடைத்துவிடுகிறது. நாவலாசிரியர் மொரீன் ஜான்சன் இதே குறையைத்தான் 2013இல் எழுப்பினார்: பெண்தன்மை இல்லாத அட்டை போட்டால் உங்கள் நூலைப் படிப்பேன் என்று ஆண் வாசகர்கள் தனக்கு எழுதுவதாகச் சொல்லி, பிரபல நூல்களின் ஆசிரியர் எதிர்ப்பாலினத்தவராக இருந்திருந்தால் அட்டை எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து காட்டும்படி அவர் அழைத்தபோது, நூற்றுக்கணக்கானோர் வரைந்து அனுப்பினார்கள். ஆண் எழுதிய அதே கதைக்குக் கனமான எழுத்தும் அடையாளச் சின்னமும், பெண் எழுதினால் கனவு காணும் முகமும் பூவும் என்ற வழக்கம் அந்தப் படங்களில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. எங்கள் மாணவன் தாளாலும் பசையாலும் செய்ததும் அப்படியொரு மாற்று அட்டைதான்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ அட்டை எவ்வளவு சாமர்த்தியமானது என்பது புரியும். 2008இல் ஸ்காலஸ்டிக் வெளியிட்ட இந்நாவலின் நாயகி ஒரு பெண் என்பது அட்டையில் எங்கும் தெரியாது. கறுப்பின்மேல், டிம் ஓ’பிரையன் வரைந்த பொன்னிறப் பறவை ஒன்று வளையத்துக்குள் அம்பைக் கவ்வியபடி இருக்கிறது. கதையில் நாயகி உடையில் குத்திக்கொள்ளும் அலங்கார ஊசியில் பறவையும் வளையமும் மட்டுமே உண்டு, அம்பு கிடையாது. அவளுடைய ஆயுதம் வில் என்பதால் அட்டைக்காகச் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்தது பொருத்தமாகவே இருக்கிறது. இதைவிடப் பாராட்ட வேண்டியது மூன்று பாகங்களையும் சேர்த்துத் திட்டமிட்டிருப்பது: முதல் நூலில் வளையத்துக்குள் அடங்கியிருக்கும் பறவை, நீல நிற மூன்றாம் நூலில் சிறகை விரித்து வெளியே வருகிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவைத்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதை எனக்கு முன்னால் கவனித்துச் சொன்னாள். எங்கள் பிரதியின் கறுப்பு மேட் லேமினேஷன் மட்டும் குறை. ஓரங்கள் ஆறு மாதத்தில் வெளுத்து, கைரேகைகள் எல்லாம் பதிந்து, பழைய கரும்பலகைபோல ஆகிவிட்டது. நூலகத்துக்கு வாங்குபவர்கள் வந்த நாளிலேயே பிளாஸ்டிக் உறை போட்டுவிடுவது நல்லது.

ஜான் கிரீனின் ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் ராட்ரிகோ கொரால் வடிவமைத்த அட்டையில் நீலப் பின்புலமும், ஒரு கறுப்பு மேகமும் ஒரு வெள்ளை மேகமும், கையால் எழுதியது போன்ற தலைப்பும் இருக்கின்றன, அவ்வளவுதான். புற்றுநோய் கண்ட இரு இளையோரின் காதல் கதைக்கு மருத்துவமனைக் கட்டிலையோ கோத்த கைகளையோ போடாமல் விட்டதற்காகவே முழு மதிப்பெண் தரலாம். கைபேசித் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கினாலும் தலைப்பைப் படிக்க முடிகிறது. இணையக் கடையில் நூல் வாங்கும் காலத்தில் இது சிறிய விஷயமில்லை. இதே சாயலில் கையெழுத்துத் தலைப்புகள் பின்னர் சலிக்கும் அளவுக்குப் பெருகியதற்கு இந்த அட்டை பொறுப்பேற்க முடியாது.

ஐந்தாவது நூலை வாங்கியபோதுதான் எனக்குச் சங்கடம் நேர்ந்தது. ஏஞ்சி தாமஸின் ‘தி ஹேட் யு கிவ்’ 2017இல் வந்தது. தன் நண்பனைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்வதை நேரில் பார்த்த ஸ்டார் என்ற பதினாறு வயதுக் கறுப்பினப் பெண்ணின் கதை. டெப்ரா கார்ட்ரைட் வரைந்த மூல அட்டையில், வெள்ளைப் பின்புலத்தில் அந்தப் பெண் தலைப்பு எழுதிய பெரிய பதாகையைப் பிடித்து நிற்கிறாள். முகம் இருந்தும் அதை அழகுக்காக வைக்கவில்லை. பேசத் தயங்கிய பெண் பேசத் துணிவதுதான் கதை என்பதால், பதாகையைப் பிடித்த கைகளே நாவலின் சாரத்தைச் சொல்லிவிடுகின்றன. கறுப்பின முகம் விற்காது என்று சொன்னவர்களுக்கும் இந்நூலின் விற்பனையே பதில் சொன்னது. இந்த அட்டையைப் பார்த்துத்தான் ஓர் இணையக் கடையில் ஆறு பிரதிகள் கேட்டிருந்தேன். வந்து சேர்ந்தவை ஆறும் திரைப்படப் பதிப்புகள்: ஓவியம் இருக்க வேண்டிய இடத்தில் நடிகையின் புகைப்படம். கடையின் பக்கத்தில் ஓவிய அட்டையைத்தான் காட்டியிருந்தார்கள். புகார் செய்தபோது, உள்ளடக்கம் ஒன்றுதானே, திருப்பி எடுக்க வழியில்லை என்று பதில் வந்தது.

உள்ளடக்கம் ஒன்றுதான். எனினும், 2018இல் படம் வந்தபோது, வரைந்த பெண்ணின் நிறத்தைவிட நடிகையின் நிறம் வெளிறியது என்று எழுந்த விமர்சனத்தை, எங்கள் மாணவிகள் யாரிடமும் கேள்விப்படாமலே தாங்களாகச் சொன்னார்கள். கைபேசியில் பழைய அட்டையையும் கையில் இருந்த பிரதியையும் மாற்றி மாற்றிப் பார்த்த ஒருத்தி, “அந்த அக்காவைத்தான் எனக்குப் பிடிச்சிருந்துச்சு மிஸ், இதுல அவங்க இல்லையே” என்றாள். நூலில் இருப்பவள் ஒருத்திதான், அட்டை மாறினால் அவளும் மாறிவிடுவாளா என்று நான் தொடங்கிய பதில் பாதியிலேயே நின்றுவிட்டது.

வாங்க நினைப்பவர்களுக்கு: ‘ஹங்கர் கேம்ஸ்’ நூலைப் பறவைச் சின்னம் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், ‘தி ஹேட் யு கிவ்’ நூலை ஓவிய அட்டையோடு வாங்குங்கள், இணையத்தில் கேட்பதாக இருந்தால் படத்தைப் பார்த்து நம்பாமல் பதிப்பின் ஐஎஸ்பிஎன் எண்ணைச் சரிபார்த்துக் கேளுங்கள், அட்டை மாறினால் அந்த எண்ணும் பெரும்பாலும் மாறியிருக்கும். ‘லையர்’ நூலின் ஆஸ்திரேலியப் பதிப்பு எங்காவது கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி வேண்டும். அதுவரை, அந்த மாணவன் போட்ட பிரவுன் அட்டையைக் கழற்றாமல் அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் நூலின் பெயரை மட்டும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதினேன். இதுவரை நான்கு பேர் எடுத்துப் போயிருக்கிறார்கள், அவர்களில் மூவர் பையன்கள்.