ஸ்டைன்ஸ்;கேட்: உலகம் மாற்றுவதற்கு விலை கேட்கும் விளையாட்டு

திரையில் படங்களோடு கதையைப் படித்தபடியே ஆடும் ஜப்பானிய விஷுவல் நாவல் விளையாட்டுகளில் இணை உலகங்கள் என்பது பழகிப்போன சரக்கு. ஓரிடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கதை, மாற்றித் தேர்ந்தெடுத்தால் இன்னொரு கதை, பிடிக்காவிட்டால் சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பி மறுபடி தொடங்கலாம் என்னும் அமைப்பே கிளை பிரியும் உலகங்களின் வடிவில் இருப்பதால், எழுத்தாளர்கள் அந்த அமைப்பையே கதைப்பொருளாக எடுத்துக்கொள்வது இயல்புதான். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் உலகம் விட்டு உலகம் தாவுவது ஆடுபவருக்குக் கிடைத்த வசதியாகவே நின்றுவிடுகிறது. ஃபைவ்பிபி, நைட்ரோபிளஸ் என்னும் இரு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கி, 2009 அக்டோபரில் ஜப்பானில் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு வெளியிட்ட ஸ்டைன்ஸ்;கேட், அந்த வசதிக்கு விலை வைக்கிறது. அந்த விலையை ஆடுபவரின் கையாலேயே கொடுக்கவும் வைக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை வாங்கி ஆடலாம் என்று சொல்வதற்கு அதுவே முதற்காரணம்.

கதை 2010 ஜூலை 28 அன்று டோக்கியோவின் அகிஹபரா பகுதியில் தொடங்குகிறது. ஒகாபே ரிந்தாரோ பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவன். தன்னை ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்டு, வெள்ளை ஆய்வகக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஹோவோயின் கியோமா என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்டு திரிபவன். பழைய டியூப் தொலைக்காட்சிப் பெட்டிகளை விற்கவும் பழுது பார்க்கவும் செய்யும் கடையின் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சிறுவயதுத் தோழி மயூரியுடனும், கணினி வித்தை தெரிந்த நண்பன் தாருவுடனும் உப்புக்குப் பெறாத கருவிகளைச் செய்துகொண்டிருக்கிறான். அன்று ரேடியோ கைகான் கட்டடத்தில் நடக்கும் காலப்பயணச் சொற்பொழிவுக்குப் போகும் அவன், மகிஸே குரிசு என்ற இளம் மூளை ஆராய்ச்சியாளர் இரத்த வெள்ளத்தில் கிடப்பதைக் காண்கிறான். வெளியே ஓடிவந்து அதைத் தாருவுக்கு மெயிலில் எழுதி அனுப்புகிறான். அந்த விரல் அழுத்திய நொடியில் தெருவில் இருந்த கூட்டம் மறைந்துபோகிறது, கட்டடத்தின் மேல்தளத்தில் செயற்கைக்கோள் போன்ற ஏதோ ஒன்று செருகிக்கொண்டு நிற்கிறது, சிறிது நேரத்தில் குரிசு உயிரோடு எதிரில் வந்து நிற்கிறாள். அவன் அனுப்பிய மெயிலோ சில நாள்களுக்கு முன்பே தாருவின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதற்குக் காரணம், அவர்கள் கைப்பேசியை மைக்ரோவேவ் அடுப்போடு இணைத்துச் செய்த ஒரு கருவி. உள்ளே வைத்த வாழைப்பழம் பச்சை நிறத்துக் கூழாகி, பிய்த்தெடுத்த சீப்பிலேயே மறுபடி ஒட்டிக்கொள்கிறது என்பதைத் தவிர அதைப் பற்றி அவர்களுக்கு முதலில் ஒன்றும் விளங்குவதில்லை. பிறகு மெல்ல விதிகள் பிடிபடுகின்றன. கடந்த காலத்துக்கு அனுப்பும் மெயிலில் 36 பைட்டுகள்தான் போகும். ஜப்பானிய எழுத்தில் 18 எழுத்துகள், அதுவும் ஆறு ஆறாக மூன்று துண்டுகளாக உடைந்து போய்ச் சேரும். பகலில் குறிப்பிட்ட சில மணிநேரம் மட்டுமே கருவி வேலை செய்யும். அந்த மணிநேரத்துக்கும் கீழ்த்தளக் கடையில் ஓடும் பெரிய தொலைக்காட்சிப் பெட்டிக்கும் என்ன தொடர்பு என்பது கதையின் நல்ல கண்டுபிடிப்புகளில் ஒன்று. காலப்பயணக் கதைகளில் விதிகள் ஆசிரியரின் தேவைக்கேற்ப வளைவது வழக்கம். இங்கே அறைக்குள்ளிருந்த பொருள்களிலிருந்தே விதிகள் வருகின்றன, வந்தபின் கடைசிவரை நிற்கின்றன.

இதை இணை உலகப் பயணம் என்று சொல்லும்போது ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இந்த விளையாட்டின் கணக்கில் பல உலகங்கள் அருகருகே ஓடிக்கொண்டிருப்பதில்லை. உலகக் கோடுகள் என்று அது சொல்பவை சாத்தியங்கள் மட்டுமே. ஒரு நேரத்தில் உண்மையாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். மெயில் போய்ச் சேர்ந்து கடந்த காலம் மாறினால் உலகம் முழுவதும் புதிதாக அடுக்கப்படுகிறது, எல்லோருடைய நினைவும் புதிய வரலாற்றுக்கு ஏற்றபடி திருத்தப்படுகிறது, ஒகாபேயின் நினைவு மட்டும் பழையபடி இருந்துவிடுகிறது. ஆகவே அவன் விட்டுவந்த உலகத்தில் யாரோ இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆறுதல் தேட வழியில்லை. அந்த மனிதர்கள் இருந்ததற்கே அவன் ஒருவன்தான் சாட்சி. கோடுகள் ஒரு கயிற்றின் இழைகளைப் போல முறுக்கிக்கொண்டு சில இடங்களில் ஒன்றாகச் சேரும், அந்த இடங்களில் நடக்க வேண்டியது எந்த இழையில் இருந்தாலும் நடந்தே தீரும் என்ற இன்னொரு விதியும் உண்டு. இந்த இரண்டு விதிகளும் சேர்ந்ததிலிருந்தே பின்பாதியின் துயரம் முழுவதும் பிறக்கிறது.

முன்பாதியைப் பற்றிய பரவலான குறை, அது நகர்வதில்லை என்பது. குறை உண்மைதான். ஆய்வகத்துக்கு ஒவ்வொருவராக வருகிறார்கள், வந்தவர்கள் தங்கள் ஆசைக்கு ஒரு மெயில் அனுப்புகிறார்கள், உலகம் சற்றே மாறுகிறது, மறுபடி அரட்டை தொடங்குகிறது. மணிக்கணக்கில் இப்படியே போகும். ஆனால் அந்த மெயில்கள் ஒவ்வொன்றும் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறப்பட வேண்டியவை என்பது தெரியவரும்போது, முன்பாதியின் நிதானம் வேறொரு பொருள் கொள்கிறது. எடுத்துக்காட்டாக, பணிப்பெண் உடையில் பூனைக்காதோடு தேநீர் பரிமாறும் ஃபேரிஸ் அனுப்பும் மெயிலைச் சொல்லலாம். அது போனதும் அகிஹபராவின் முகமே மாறிவிடுகிறது. அனிமே என்னும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களுக்கான கடைகள், பொம்மைக் கடைகள், பணிப்பெண் உணவகங்கள் எதுவும் இல்லை, மின்னணுச் சாமான் விற்கும் பழைய கடைத்தெரு மட்டும் இருக்கிறது. உண்மையான அகிஹபரா போருக்குப் பிந்தைய காலத்தில் வானொலி உதிரிபாகச் சந்தையாக வளர்ந்து, வீட்டுச் சாதனங்களுக்கும் பிறகு கணினிகளுக்கும் மாறி, அதன் பின்னரே அனிமே ரசிகர்களின் இடமானது. ஓர் ஊரின் வரலாற்றில் கடைசி ஏட்டை மட்டும் கிழித்தெடுத்தால் எப்படியிருக்கும் என்பதை இந்த விளையாட்டு பின்னணிப் படங்களை மாற்றியே காட்டிவிடுகிறது. அந்த மெயிலுக்குப் பின்னால் இருந்த காரணம் எவ்வளவு சின்னது, எவ்வளவு பெரியது என்பது பிறகு தெரியும். அதைத் திரும்பப் பெறச் சொல்லி அவளிடமே கேட்க வேண்டிய காட்சி, இந்த வகை விளையாட்டுகளில் எழுதப்பட்ட மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று.

இனி, கைப்பேசி. வழக்கமான விஷுவல் நாவலில் திரையின் நடுவில் இரண்டு மூன்று வாய்ப்புகள் தோன்றும். இங்கே அப்படி எதுவும் தோன்றுவதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒகாபே தன் மடக்குக் கைப்பேசியை எடுக்கிறான். வந்த மெயில்களில் சில சொற்கள் வண்ணமிட்டிருக்கும், அவற்றுள் எதைத் தொடுகிறோமோ அதைப் பொறுத்துப் பதில் அமையும். அழைப்பு வந்தால் எடுக்கலாம், ஒலித்து ஓயும்வரை விட்டுவிடலாம். மொஎகா என்ற பெண் எதிரில் நின்றுகொண்டே வாயால் பேசாமல் மெயில் அனுப்புவாள். அவள் முகம் திரையில் அசையாமல் இருக்க, கைப்பேசி மட்டும் விடாமல் ஒலிக்கும். முதலில் சிரிப்பாக இருக்கும் இந்தப் பழக்கம் பின்னால் எதற்கு உதவுகிறது என்பதை இங்கே சொல்வது நியாயமில்லை.

கதை பிரியும் இடங்களும் இதே கைப்பேசியில்தான் இருக்கின்றன. ஒருவருடைய ஆசையை அழிக்கும் மெயிலை அனுப்ப வேண்டிய கட்டம் வரும்போது, அனுப்பலாமா வேண்டாமா என்று விளையாட்டு கேட்பதில்லை. உரையாடல் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். கைப்பேசியை எடுத்து அனுப்பினால் ஓர் உலகம் போகும். பையிலேயே விட்டுவிட்டால் அந்த உலகம் தங்கும், ஆனால் வேறொருவரின் உயிர் போகும். ஒன்றும் செய்யாமல் இருப்பதையும் ஒரு முடிவாக எண்ணும் இந்த ஏற்பாட்டை, வாய்ப்புகள் குறைவு என்று குறைகூறுபவர்கள் சரியாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆறு முடிவுகளில் ஒன்றில், ஒகாபே முடிவெடுக்க மறுத்து, அதே இரண்டு நாள்களுக்கு நினைவை மட்டும் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறான். நினைவைத் திருப்பி அனுப்பும் கருவியால் 48 மணிநேரம்தான் பின்னோக்கிப் போக முடியும். ஒரே உரையாடல், ஒரே சிரிப்பு, ஒரே மிதிவண்டிப் பயணம் மீண்டும் மீண்டும் வர, அவனுக்குள் ஏதோ ஒன்று மரத்துப்போவதை எழுத்தில் கொண்டுவந்திருக்கும் விதம் அச்சமூட்டுவது. சேமித்த இடத்துக்குத் திரும்பித் திரும்பி ஆடும் நம் பழக்கத்தின் மீதான விமர்சனமாகவும் அதைப் படிக்கலாம்.

உண்மை உலகத்திலிருந்து இரவல் வாங்கிய பொருள்களை இந்தக் கதை திறமையாகப் பயன்படுத்துகிறது. 2000ஆம் ஆண்டின் இறுதியிலும் 2001இன் தொடக்கத்திலும் அமெரிக்க இணைய மன்றங்களில் ஜான் டைட்டர் என்ற பெயரில் ஒருவர், தான் 2036ஆம் ஆண்டிலிருந்து வந்தவர் என்றும், ஐபிஎம் 5100 என்ற 1975ஆம் ஆண்டுக் கணினியைத் தேடுவதாகவும் எழுதினார். விளையாட்டில் அந்தக் கணினி ஐபிஎன் 5100 என்று ஓர் எழுத்து மாறி வருகிறது. செர்ன் என்ற ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமும் தன் ஆங்கிலப் பெயரில் முதலெழுத்து மட்டும் மாறி, உலகை ஆள நினைக்கும் அமைப்பாக வருகிறது. அந்த மையத்தின் பெரிய துகள் மோதுகருவி 2008 செப்டம்பரில்தான் முதன்முதலாக இயக்கப்பட்டது. அது கருந்துளையை உருவாக்கி உலகை விழுங்கிவிடும் என்ற பீதி செய்தித்தாள்களில் அடிபட்ட சூட்டோடு எழுதப்பட்ட கதை இது. ஏறக்குறைய 25 கிலோ எடையுள்ள அந்தப் பழைய கணினியைக் கோயிலிலிருந்து ஆய்வகம்வரை கோடை வெயிலில் வியர்க்க வியர்க்கச் சுமந்துவரும் பகுதியில், இவ்வளவு பெரிய சதியும் இரண்டு மாணவர்களின் தோள்வலியாகச் சுருங்குவது எனக்கு மிகவும் பிடித்தது. கதையின் மையமான ரேடியோ கைகானும் உண்மையான கட்டடமே. பழைய கட்டடம் 2011இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது, புதியது 2014இல் திறக்கப்பட்டது. ஆகவே இந்த விளையாட்டில் நாம் நடந்து திரியும் அகிஹபராவுக்கு இன்று விமானச்சீட்டு வாங்கிப் போக முடியாது.

ஹூக்கே வரைந்த பாத்திர ஓவியங்கள் வெளுத்த வண்ணங்களும் புழுதி படிந்த மேற்பரப்பும் கொண்டவை. பளபளப்பான அனிமே முகங்களுக்குப் பழகியவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். கண்கள் மட்டும் வளையம் வளையமாக விசித்திரமாக இருக்கும். வெயிலில் காய்ந்த நகரத்தின் சலிப்பையும், எதுவோ சரியில்லை என்ற உணர்வையும் அவை ஒருசேரக் கொடுக்கின்றன. தகேஷி அபோவின் இசை பெரும்பாலும் பின்வாங்கியே இருக்கிறது. ஒகாபேக்குக் குரல் கொடுத்த மமோரு மியானோ வெறிச்சிரிப்பிலும் சரி, அந்தச் சிரிப்பைத் தக்கவைக்க முடியாமல் குரல் உடையும் இடங்களிலும் சரி, இந்த வேடத்தை வேறொருவர் செய்திருக்கலாம் என்று நினைக்கவே விடுவதில்லை.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. தாருவின் ஆபாசப் பேச்சு வேடிக்கைக்காக எழுதப்பட்டது, ஆனால் வேடிக்கை சீக்கிரமே தீர்ந்துபோக, பேச்சு மட்டும் மிஞ்சுகிறது. பெண்மை நிறைந்த தோற்றமுடைய ருகா என்ற பையனை ஒகாபே வருணிக்கும் ஒவ்வொரு முறையும் ‘ஆனால் இவன் ஆண்’ என்று முடிப்பது, எழுதப்பட்ட காலத்திலேயே நாகரிகமான நகைச்சுவையாக இருந்திருக்காது. ருகாவின் தாய்க்குப் பழைய பேஜரில் செய்தி அனுப்பி, பிறக்கும் குழந்தையைப் பெண்ணாக்க முயலும் பகுதியில் உண்மையான வேதனைக்கு இடமிருந்தது. எழுத்தாளர்கள் அதைப் பாதி தொட்டுவிட்டுக் காதல் கதையாக முடித்துவிட்டார்கள். மெய்யான இறுதி முடிவை அடையும் வழியோ கொஞ்சமும் நியாயமற்றது. குரிசுவிடமிருந்து வரும் சில மெயில்களுக்குக் குறிப்பிட்ட சொல்லைத் தொட்டுத்தான் பதில் அனுப்பியிருக்க வேண்டும். அது முக்கியம் என்பதற்கு எங்கும் சிறு குறிப்பும் இல்லை. ஒன்றைத் தவறவிட்டால், கதையின் முழுமையான கடைசி அத்தியாயம் அப்படியொன்று இருப்பதே தெரியாமல் போய்விடும். வெறும் செய்கையின்மைக்கும் பொருள் கொடுத்த அதே கைப்பேசி இங்கே வெறும் பூட்டாகிவிட்டது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் வந்த பதிப்பையே வாங்கலாம். ஆங்கில எழுத்தும் ஜப்பானியக் குரலுமாக ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் 2016 முதல் கிடைக்கிறது, சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். முடிக்க முப்பது மணிநேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், ஆங்கிலத்தில் நீளமாகப் படிக்கச் சலிக்காதவர்களுக்கே இது ஒத்துவரும். இணையக் கொச்சை, இயற்பியல் சொற்கள் ஆகியவற்றுக்கு விளையாட்டின் உள்ளேயே ஓர் அகராதி இருப்பதால் அவற்றுக்காகத் தயங்க வேண்டியதில்லை. 2018இல் ஜப்பானில் வந்த எலீட் பதிப்பு, அனிமே தொடரின் காட்சிகளைக் கொண்டு கதையை நகர்த்துவது. பார்க்க வேகமாக இருக்கும், ஆனால் ஹூக்கேயின் ஓவியங்கள் அதில் இல்லை, அவை இல்லாமல் இந்தக் கதையின் வெயில் பாதி குறைந்துவிடுகிறது. தொடர்ச்சியாக வந்த ஸ்டைன்ஸ்;கேட் ஜீரோ, தோற்றுப்போன ஓர் உலகக் கோட்டில் ஒகாபே வாழ்வதைச் சொல்வது; முதல் விளையாட்டின் மெய்யான முடிவைப் பார்த்த பிறகே அதைத் தொட வேண்டும். அந்த முடிவுக்காக, முதன்முறை நம் விருப்பப்படி ஆடி ஏதாவது ஒரு முடிவுக்கு வந்தபின், இரண்டாம் முறை குரிசுவின் மெயில்களுக்கு மட்டும் யாரேனும் தயாரித்த வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் எந்த இழுக்கும் இல்லை. படித்த பகுதிகளை வேகமாகத் தாண்டிச் செல்லும் வசதி இருப்பதால் அதற்கு அதிக நேரமும் பிடிக்காது.