ஐக்யூகேப்1 ஆன்டிபாடி: பிளாட்டுக்கு வாங்கலாம், ஐபிக்கு வேண்டாம்

ஐக்யூகேப்1 என்ற செல் புரதத்தைப் பிடிக்கும் இந்த முயல் பாலிகுளோனலைத்தான் (முயலில் உருவாக்கிய ஆன்டிபாடிக் கலவை) ஏழு மாதமாகப் பயன்படுத்துகிறேன். புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு மட்டும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஹீலா லைசேட்டில் (ஹீலா செல்களை உடைத்தெடுத்த கரைசல்) 1:1000 நீர்த்துப் போட்டாலே 190 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் ஒரே பட்டை, பின்னணியும் சுத்தம். இந்தப் புரதம் உருவாவதைக் குறைக்கும் எஸ்ஐஆர்என்ஏ கொடுத்த செல்களில் அந்தப் பட்டை ஏறக்குறைய மறைந்தே போனது, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. 1657 அமினோ அமிலம் கொண்ட பெரிய புரதம் என்பதால் 6 சதவீத ஜெல்லில் ஓட்டி, இரவு முழுக்கக் குளிரறையில் வெட் டிரான்ஸ்ஃபர் (ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மாற்றுவது) செய்யுங்கள், அவசரப்பட்டால் பாதி ஜெல்லிலேயே தங்கிவிடும்.

இந்தப் புரதத்தில் அளவைத் துல்லியமாகப் பார்ப்பது ரொம்ப முக்கியம். செல்லுக்குள் வளர்ச்சி சிக்னலை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தும் பி-ராஃப், மெக், எர்க் என்ற மூன்று என்சைம்களையும் தன்மேல் அருகருகே உட்காரவைத்து சிக்னலைக் கைமாற்றிவிடும் ஸ்கேஃபோல்டு (தாங்குபுரதம்) இது. குறைந்துபோனால் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தும் எர்க் சரியாகத் தூண்டப்படாது. அளவுக்கு மீறிப் போனாலும் அதேதான், மெக் ஒரு மூலக்கூறிலும் எர்க் இன்னொன்றிலும் தனித்தனியாகப் போய் ஒட்டிக்கொண்டால் யார் யாருக்குக் கைமாற்றுவது?

சரி, ஐபி விஷயத்துக்கு வருகிறேன், அதாவது ஆன்டிபாடியால் ஒரு புரதத்தைப் பிடித்து, அதோடு ஒட்டியிருப்பவற்றையும் சேர்த்து வெளியே இழுப்பது. டேட்டாஷீட்டில் ஐபிக்கும் ஆகும் என்று போட்டிருக்கிறார்கள். மூன்று முறை செய்தேன், ஐக்யூகேப்1 தாராளமாக வந்தது, மெக் ஒருமுறைகூட வரவில்லை. பஃபரைச் சந்தேகப்பட்டு உப்பைக் குறைத்து, டிடர்ஜென்ட்டை மாற்றி ஒரு மாதம் போனது. கடைசியில் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டால், ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்படுத்திய பெப்டைடு (சிறு புரதத் துண்டு) ஐக்யூகேப்1இன் ஐக்யூ பகுதியிலிருந்து எடுத்ததாம். மெக் வந்து உட்காரும் இடமே அதுதானே! பி-ராஃபும் கால்சியம் பிடிக்கும் புரதமான கால்மோடுலினும்கூட அங்கேதான் பிடிக்கின்றன. அந்த இடத்தை ஆன்டிபாடி அடைத்துக்கொண்டால் மெக் எப்படிக் கூடவே வரும்? அப்புறம் புரதத்தின் தொடக்க முனையான என்-முனையை அடையாளம் காணும் எலி மோனோகுளோனல் (ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி) ஒன்றை வாங்கி, அதே லைசேட்டில் செய்தேன், முதல் முறையிலேயே மெக் பட்டை தெரிந்தது. ஸ்கேஃபோல்டு புரதத்துக்கு ஆன்டிபாடி விற்பவர்கள் எந்தப் பகுதிக்கு எதிரானது என்பதை டேட்டாஷீட்டின் முதல் வரியிலேயே போட வேண்டும், கேட்டால்தான் சொல்வோம் என்பது நியாயமில்லை.

ஹெப்ஜி2 போன்ற கல்லீரல் செல்களில் வேலை செய்பவர்கள் கவனியுங்கள், 180 கிலோடால்டன் பக்கத்தில் இரண்டாவது பட்டை ஒன்று வருகிறது. அதே குடும்பத்துப் புரதமான ஐக்யூகேப்2வாக இருக்கும் என்று நினைக்கிறேன், இரண்டையும் சேர்த்து அளந்துவிடாதீர்கள்.