டெக்ஸ்ட்கிரிட் கோப்பை அட்டவணையாக்க: பிராட்டா, பைத்தானா?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பேச்சைப் பதிவு செய்து, பிராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் ஒலி, சொல் எல்லைகளைக் குறித்து டெக்ஸ்ட்கிரிட் கோப்பாக வைத்திருக்கும் மாணவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்: அதை அட்டவணையாக்க பிராட்டே போதுமா, பைத்தான் நிரல்மொழி வேண்டுமா?

செலவு: இரண்டுமே இலவசம். அதில் பேச்சில்லை.

தொடங்க: பிராட்டில் 'டவுன் டு டேபிள்' என்று ஒரு கட்டளை. தொடக்க நேரம், அடுக்கின் (ஒலிக்கு ஒன்று, சொல்லுக்கு ஒன்று என்று குறித்த வரிசை) பெயர், அதில் குறித்த எழுத்து, முடிவு நேரம் என்று நான்கு பத்தி (நெடுவரிசை) வந்துவிடும். பைத்தானில் பிராட்ஐஓ மாதிரி ஒரு நிரல் தொகுப்பை நிறுவ வேண்டும்; புதியவருக்கு அதற்கே ஒரு மாலை போய்விடும்.

கோப்பு கூடினால்: பிராட்டின் அட்டவணையில் கோப்பின் பெயர் இருக்காது. நாற்பது பேர் பதிவை ஒட்டியபின் எந்த வரி யாருடையது? நான் அப்படி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து செய்தேன். பைத்தானில் கோப்பின் பெயருக்கு ஒரு பத்தி சேர்த்தால் போதும்.

அடுக்குகளை இணைக்க: 'பழம்' என்பதில் ழகரம் எவ்வளவு நீளம் என்று பார்க்க, ஒலி அடுக்கையும் சொல் அடுக்கையும் பொருத்த வேண்டும். ஒலியின் நடுப்புள்ளி எந்தச் சொல்லின் எல்லைக்குள் விழுகிறது என்று பார்ப்பதே பாதுகாப்பு. இரண்டு அடுக்கிலும் ஓரங்கள் மில்லிவினாடிக் கணக்கில் விலகியிருக்கலாம். பைத்தானில் இது நாலு வரி. பிராட்டின் நிரல்மொழியிலும் முடியும், ஆனால் பொறுமை வேண்டும்.

தமிழ் எழுத்து: இதில் பிராட் நிம்மதி. கோப்பின் எழுத்துக் குறிமுறை யூடிஎஃப்-8ஆ, 16ஆ என்று அதுவே கண்டுகொள்ளும். பைத்தானில் குறிமுறையைத் தவறாகச் சொன்னால் பிழை, அல்லது குப்பை எழுத்து.

ஐந்தாறு கோப்புதான் என்றால் பிராட்டே போதும், சரியா? ஆய்வேட்டுக்கு என்றால் பைத்தான். அந்த ஒரு மாலையைக் கொடுத்துவிடுங்கள்.