ஐந்து ஆண்டுகளாகத் தண்ணீரை சென்சார் வைத்துப் பார்க்கிறோம்: எது உதவியது, எது உதவவில்லை

எங்கள் குடியிருப்பில் 36 வீடுகள். தண்ணீருக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு நிலத்தடித் தொட்டி, மாடியில் ஒரு பெரிய தொட்டி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் கிணறு கையை விரித்தபோது, இறைத்த தண்ணீரெல்லாம் எங்கே போனது என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகுதான் மீட்டர், சென்சார் எல்லாம் போட்டோம். அன்றிலிருந்து அவற்றைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. இந்தச் சாதனங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு அப்புறம் நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

போட்டது இவ்வளவுதான்: வீட்டுக்கு ஒரு பல்ஸ் மீட்டர் (குறிப்பிட்ட அளவு தண்ணீர் ஓடும்போதெல்லாம் ஒரு மின்துடிப்பு, அதாவது பல்ஸ், தருவது), மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் மெயின் குழாயில் ஒரு பெரிய மீட்டர், தொட்டிகளில் நீர்மட்டம் பார்க்கும் அல்ட்ராசானிக் சென்சார், கிணற்றுக்குள் ஒரு அழுத்த சென்சார். எல்லாம் லோரா என்ற, குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ வழியாக ஒரு கேட்வேக்கு (தகவலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டி) வந்து, அங்கிருந்து கைப்பேசிச் செயலிக்குப் போகும்.

செயலியில் வண்ண வண்ணமாக இருபது வரைபடங்கள் இருந்தன. ஐந்து ஆண்டுகளில் எனக்கு உண்மையில் பயன்பட்டது ஒரே ஒரு எண்: இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே மெயின் குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பது. எல்லோரும் தூங்கும் நேரம். குழாயைத் திறக்க ஆளில்லை. அப்போதும் தண்ணீர் ஓடினால் அதில் பெரும்பகுதி கசிவுதான். நகரக் குடிநீர் வாரியங்கள் வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் குறைந்தபட்ச இரவு ஓட்டத்தைப் பார்த்துத்தான் கசிவு தேடுகின்றன. அதே முறை 36 வீட்டுக்கும் பொருந்தும் என்று எனக்கு அப்போது தெரியாது.

முதல் வாரம் அந்த எண் 6 லிட்டர். கேட்க அற்பமாக இருக்கும். நிமிடத்துக்கு 6 என்றால் ஒரு நாளைக்கு 8,640 லிட்டர்! நாங்கள் மொத்தமாகச் செலவழித்ததே அப்போது நாளுக்கு 30,000 லிட்டர் அளவில்தான். யாரும் தொடாமலே கால் பங்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

வீட்டு மீட்டர்களின் இரவு ஓட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன். 2 லிட்டர்தான் வந்தது. மீதி 4 லிட்டர் எந்த வீட்டுக்குள்ளும் நுழையவே இல்லை. அப்படியானால் பொதுக் குழாயில். கிளைக் குழாய்களின் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, கைப்பேசியில் எண் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனோம். தோட்டத்துக்குப் போகும் கிளையை மூடியதும் சட்டென்று இறங்கியது. தோண்டினால், மண்ணுக்கடியில் ஒரு எல்போ (குழாய் வளையும் இடத்து இணைப்பு) விரிசல் விட்டிருந்தது. மேலே ஈரம்கூடத் தெரியவில்லை. எத்தனை ஆண்டுகளாக அப்படி ஓடியதோ!

வீடுகளில் இருந்த 2 லிட்டர், நான்கு வீட்டுக் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிகளில். அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் ஒழுகும். இதைக் கண்டுபிடிக்கச் சென்சார்கூட வேண்டாம்: ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் வண்ணப்பொடியைக் கலந்துவிட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கீழே பேசினில் நிறம் தெரிந்தால் ஒழுகுகிறது. ஆனால் எந்த வீட்டில் தேட வேண்டும் என்று சொன்னது மீட்டர்தான். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு இரவு ஓட்டம் அரை லிட்டருக்குக் கீழே வந்தது.

மீட்டர் வாங்கப்போகிறவர்கள் பல்ஸ் அளவைக் கட்டாயம் கேளுங்கள். எங்களுக்கு முதலில் காட்டியது 10 லிட்டருக்கு ஒரு பல்ஸ் தரும் மீட்டர். நிமிடத்துக்கு அரை லிட்டர் ஒழுகும் வீட்டில் அது 20 நிமிடத்துக்கு ஒரு முறைதான் துடிக்கும். சின்னக் கசிவு கண்ணில் படவே நேரமாகும். 1 லிட்டர் பல்ஸ் கேட்டு வாங்கினோம். இன்னொன்று, உள்ளே சக்கரம் சுழலும் மீட்டர்கள் மிகச் சிறிய ஓட்டத்தில் சுழலவே தொடங்காது. தேயத் தேய இந்தக் குறை கூடும். இப்போது பழுதாகிற ஒவ்வொன்றையும் சுழலும் பாகமே இல்லாத அல்ட்ராசானிக் மீட்டராக மாற்றிவருகிறோம்.

சரி, தொல்லை கொடுத்தவற்றுக்கு வருகிறேன். முதல் இடம் தொட்டி சென்சாருக்கு. மதிய நேரத்தில் மோட்டார் ஓடாமலே தொட்டி நிரம்புவதாகக் காட்டும். ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். காரணம் எளிமையானது. சென்சார் ஒலியை அனுப்பி, அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். விடியற்காலை 25 டிகிரியும் உச்சி வெயிலில் மூடிக்குக் கீழே 45 டிகிரியும் இருந்தால் வேகம் 3 சதவீதத்துக்கு மேல் மாறிவிடும். எதிரொலி சீக்கிரம் திரும்புவதால், தண்ணீர் உயர்ந்துவிட்டதாக சென்சார் நினைக்கும். ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு 5 சென்டிமீட்டர் பிசகு. எங்கள் தொட்டியின் பரப்பு 6 சதுர மீட்டர் என்பதால் சுமார் 300 லிட்டர். வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் சென்சாராக மாற்றியதும் இது நின்றது. நீராவி துளித்துளியாக சென்சாரின் முகத்தில் படிவது மட்டும் நிற்கவில்லை. மாதத்துக்கு ஒரு முறை ஏறித் துடைக்கத்தான் வேண்டும். மோட்டாரை நிறுத்துகிற வேலையை நான் சென்சாரை மட்டும் நம்பி விடுவதில்லை. பழைய மிதவை சுவிட்ச் இன்றும் கூடவே இருக்கிறது. இருமுறை அதுதான் தொட்டி வழியாமல் காப்பாற்றியது.

பேட்டரி பத்து ஆண்டு வரும் என்றார்கள். மூன்று ஆண்டில் தீர்ந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தகவல் அனுப்பும்படி நாங்கள் வைத்திருந்ததும் ஒரு காரணம். இப்போது 15 நிமிடம். கசிவு தேட அது போதும்.

பெரிய அடி மூன்றாம் ஆண்டில் விழுந்தது. செயலியை நடத்திய நிறுவனம் சர்வரை மூடிவிட்டது. ஒரு வார அவகாசம்தான் கொடுத்தார்கள். நான் கையில் எடுத்து வைத்திருந்தவை போக, 14 மாதப் பதிவு போனது. அந்தப் பதிவில் ஒரு முழுக் கோடை இருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அதன் பிறகு பதிவுகள் எங்கள் கட்டடத்திலேயே ஒரு சிறிய கணினியில் சேமிக்கப்படுகின்றன. இணையம் அறுந்தாலும் அளவீடு நிற்காது. யாரிடம் வாங்கினாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: நீங்கள் கடையை மூடினாலும் என் மீட்டர் எனக்குப் பேசுமா?

அடுத்தது மனிதர்கள். தொடக்கத்தில் எதற்கெடுத்தாலும் குடியிருப்பின் கைப்பேசிக் குழுவுக்கு எச்சரிக்கை போனது. இரண்டே வாரத்தில் எல்லோரும் குழுவை மியூட் செய்துவிட்டார்கள். இப்போது ஒரே ஒரு எச்சரிக்கைதான். தொடர்ந்து இரண்டு இரவு ஒரு வீட்டின் ஓட்டம் பூச்சியத்துக்கு வரவில்லை என்றால், அந்த வீட்டுக்கு மட்டும் செய்தி போகும். ஒருமுறை அதிகம் செலவழிக்கும் வீடுகளின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அது பெரிய தவறு. முதலில் இருந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருந்தார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். மணிக்கணக்கான பதிவைப் பார்த்தால் ஒரு வீடு எப்போது பூட்டியிருக்கிறது என்றுகூடத் தெரிந்துவிடும். ஆகவே அந்தப் பதிவு அவரவர் கண்ணுக்கு மட்டும். எனக்கு இரவு ஓட்டமும் மாத மொத்தமும் போதும்.

வீடுகளின் பயன்பாடு குறைந்ததா என்று கேட்பார்கள். முதல் மூன்று மாதம் நன்றாகவே குறைந்தது. ஓராண்டுக்குள் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இன்று நாங்கள் 21,000 லிட்டரில் நிற்கிறோம் என்றால், அந்த 9,000 லிட்டர் குறைவில் பெரும்பகுதி கசிவை அடைத்ததால் வந்தது.

மழைநீர் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு உதவியது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். எங்கள் மொட்டைமாடி 500 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர். கிணற்றுக்குப் போகும் குழாயில் ஒரு மீட்டர் வைத்தோம். நல்ல நாளில் 8,000 வரை காட்டும். அதே அளவு பெய்த ஒரு மழைக்கு 3,000தான் காட்டியது. திறந்தால் வடிகட்டி முழுக்கச் சருகும் சேறும்.

கிணற்று சென்சார் தலைக்கு மேலே நிற்கும் நீரின் அழுத்தத்தை அளக்கிறது. 10 மீட்டர் நீருக்கு ஏறக்குறைய 1 பார். மோட்டாரை மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்பதை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தோம். இப்போது 40 நிமிடம் ஓட்டி, இடைவெளி விடுகிறோம். மோட்டார் வறண்டு ஓடுவது நின்றது. ஆனால் இதனால் நிலத்தடி நீர் மிச்சமானது என்று சொல்ல மாட்டேன். அதே நீரை அக்கம்பக்கத்துக் கிணறுகளும் இறைக்கின்றன. 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் செயற்கைக்கோள் ஜோடியும், 2018இல் அதன் தொடர்ச்சியாகப் போன ஜோடியும் புவியீர்ப்பின் சிறு மாற்றத்தை வைத்தே நிலத்தடி நீர் குறைவதைக் காட்டின. ஆனால் அவை பார்ப்பது சில நூறு கிலோமீட்டர் அகலப் பரப்பு. என் சென்சார் பார்ப்பது ஒரே ஒரு துளை. நடுவில் இருக்கும் தெரு அளவிலான படம் யாரிடமும் இல்லை. பக்கத்துக் கட்டடங்கள் இரண்டு தங்கள் கிணற்று மட்டத்தையும் எங்களோடு பகிரச் சம்மதித்திருக்கின்றன. அடுத்த மாதம் அங்கே சென்சார் இறக்குகிறோம்.

நேற்று இரவு ஓட்டம் 0.9 லிட்டர். மூன்றாம் மாடியில் ஒரு வீடு. காலையில் கதவைத் தட்டினேன். வாஷர் வாங்கி வைத்திருக்கிறார்கள், சாயங்காலம் மாற்றப்போகிறோம்.