திமிங்கிலம் காட்டுகிறேன் என்று 6,850 வெள்ளி: சுங்கை சிப்புட், ஈப்போ பக்கம் உள்ளவர்கள் படியுங்கள்

இன்று காலை பத்து மணிக்கு நான் ஆஸ்திரேலியாவின் பெர்த் கடலில், படகின் முன்பக்கத்தில், கேமராவோடு நின்றிருக்க வேண்டும். நின்றது சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஒரு கடைவரிசையின் மாடிப்படியில். மேலே கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, ஏசி ஓடும் சத்தமும் கேட்டது. தட்டினேன். விளக்கு அணைந்தது.

6,850 வெள்ளி. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்தத் தொகையை மறக்க வேண்டாம்.

பெயரைப் போடு என்று தோழிகள் எல்லாம் சொல்கிறார்கள். போலீஸ் ரிப்போர்ட் செய்திருக்கிறேன், அதனால் போடவில்லை. முகநூலில் விளம்பரம் போடும், மாடியில் இரண்டு மேசையோடு அலுவலகம் வைத்திருக்கும், நம்ம ஆள் நடத்தும் ஒரு சுற்றுலா ஏஜென்சி. அவ்வளவுதான் சொல்வேன். திமிங்கிலம் பார்க்க எப்படிப் போவது, யாரிடம் என்ன கேட்பது என்பதை எல்லாம் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் கல்யாணம், சடங்கு, காதுகுத்துக்குப் படம் எடுப்பவள். ஒன்பது நிகழ்ச்சி எடுத்தால்தான் 6,850 வெள்ளி கையில் நிற்கும், அதுவும் எல்லாரும் பாக்கி வைக்காமல் கொடுத்தால். கூன்முதுகுத் திமிங்கிலத்தை, ஹம்ப்பேக் என்கிறார்களே, அதை ஒரு தடவையாவது என் கையால் எடுத்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை. பதினான்கு, பதினைந்து மீட்டர் நீளம், முப்பது டன் வரும். அந்த உடம்பு தண்ணீரை விட்டு மேலே எழும்பி விழ இரண்டு மூன்று நொடிதான் ஆகும். அந்த இரண்டு நொடிக்காக ஒரு வருடம் பழகினேன். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் பழைய 100-400 லென்ஸ் ஒன்று வாங்கி, அக்கா மகனைப் பிளஸ் ஆற்றுக்குக் கூட்டிப் போய்ப் பாறையிலிருந்து குதிக்கச் சொல்லி எடுப்பேன். ஷட்டர் வேகத்தை நொடியில் 1/500 பங்கில் வைத்தால் துளிகள் கோடு கோடாக இழுத்துக்கொண்டு தெரியும். 1/2000-இல் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக நிற்கும். நாற்பதாவது தடவை குதித்துவிட்டு, "சின்னம்மா, அந்தத் திமிங்கிலத்துக்கும் இப்படித்தான் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்காம ஏமாத்துவீங்களா?" என்று கேட்டான். ஏமாந்தது யார் என்று இப்போது அவனுக்கும் தெரியும்.

ஏப்ரலில் அம்மாவோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். உட்கார்ந்ததும் ஏஜென்சிக்காரர் என்னிடம் பேசவில்லை, அம்மாவிடம்தான் பேசினார். எந்தத் தோட்டம் என்று கேட்டார். அம்மா பெயரைச் சொன்னதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்கப்பாவும் அங்கதாம்மா பால்மரம் சீவுனாரு. காலைல பெரட்டு மணி அடிக்கிற சத்தம் இன்னும் என் காதுல இருக்கு." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே மாமாக் கடையிலிருந்து தே தாரேக் வந்தது. சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. எழுந்து போய்ப் படித்துப் பார்த்திருக்கலாம். மரியாதையாக இருக்காது என்று உட்கார்ந்தே இருந்தேன்.

ஐந்து நாள், இரண்டு படகுப் பயணம், விமானம், தங்குமிடம், விசா எல்லாம் சேர்த்து 6,850 வெள்ளி, அக்டோபரில். "படகு பக்கத்துலயே போயிடும் தங்கச்சி, கைய நீட்டித் தொடலாம்" என்றார். அந்த இடத்திலேயே நான் எழுந்திருக்க வேண்டும். அங்கே படகு 100 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், குட்டி கூட இருந்தால் இன்னும் தள்ளி. திமிங்கிலமாகப் பக்கத்தில் வந்தால் வேறு கதை. 100 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்றுதானே கடன் வாங்கி 400 லென்ஸ் எடுத்தேன்? இது தெரிந்த நானே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முன்பணம் 2,000 வெள்ளியை நீட்டினேன். அவர் எண்ணவில்லை. அப்படியே மேசை டிராயரில் போட்டு மூடினார். "நம்ம வீட்டுப் புள்ளகிட்ட எண்ணி வாங்குற ஆளு நான் இல்ல."

அதில்தான் விழுந்தேன். தோட்டத்துக் கதையில்கூட இல்லை, அந்த எண்ணாத பணத்தில்தான். அவர் எண்ணாததால் நானும் ரசீதைப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்தேன். அதில் 'டெபாசிட்' என்று ஒரே ஒரு சொல். எதற்கு, எந்தத் தேதிக்கு, ஒன்றும் இல்லை. வரும் வழியில் அம்மா, "நல்ல புள்ளயா இருக்கான்" என்றார்.

ஜூலையில் மீதி 4,850. கம்பெனிக் கணக்கில் ஆடிட் நடக்கிறதாம், ஒரு பெண்ணின் சொந்தக் கணக்கு எண்ணை அனுப்பினார். போட்டேன். ஆமாம், போட்டேன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள், என் அண்ணன் ஏற்கெனவே ஒரு வாரமாகத் திட்டுகிறார்.

செப்டம்பர் கடைசியில் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி. ஆள் சேரவில்லை, ஜனவரிக்கு மாற்றியாகிவிட்டது, ஒரு நாள் இலவசம், கூடவே கைகூப்பும் படம். உடனே கூப்பிட்டேன்.

"அண்ணே, ஜனவரில அங்க ஹம்ப்பேக் இருக்காதுண்ணே."

"என்ன தங்கச்சி, அவ்ளோ பெரிய திமிங்கிலம், ஓடியா போயிடும்?"

ஓடித்தான் போகும்! அதன் பிழைப்பே அதுதான். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். அப்போது அண்டார்ட்டிகா பக்கமிருந்து மேற்கு ஆஸ்திரேலியாக் கரையோரமாக வடக்கே ஏறும். வடக்கே கிம்பர்லி கடலோரத்து வெதுவெதுப்பான தண்ணீரில் குட்டி போடும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பெர்த், ஜியோகிராஃப் விரிகுடா வழியாகத் தெற்கே இறங்கும். குட்டியோடு வரும் தாய்கள் கடைசியில், மெதுவாக, நின்று நின்று வரும். அவற்றைத்தான் நான் எடுக்க நினைத்தேன். வடக்கே இருக்கும் மாதங்களில் அந்தத் தாய்க்குச் சாப்பாடு என்று அநேகமாக ஒன்றும் கிடையாது, உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் குட்டிக்குப் பால். அதன் இரையான கிரில், இறால் மாதிரிச் சின்னப் பிராணி, இருப்பது தெற்கே, பனிக்கடலில். ஜனவரியில் அது அங்கே தின்றுகொண்டிருக்கும். ஜனவரியில் பெர்த்தில் ஹம்ப்பேக் காட்டுகிறேன் என்பது, தைப்பூசம் முடிந்து மூன்று மாதம் கழித்து, காவடி பார்க்கலாம் வா என்று பத்துமலைக்கு பஸ் பிடிப்பது மாதிரி.

நான் வாங்கியது ஐந்து நாள் இல்லை, அக்டோபர். அது அவருக்குப் புரியவே இல்லை. அல்லது நன்றாகப் புரிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதற்கு அப்புறம் நடந்ததை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. முதல் வாரம் புரட்டாசி, கோயிலில் இருக்கிறார். இரண்டாவது வாரம் மேசையில் இருக்கும் அந்தப் பெண், "பாஸ் மீட்டிங்ல இருக்காருக்கா" என்றாள், பின்னால் அவர் குரலே கேட்டது. பிறகு "தீபாவளி முடியட்டும், அண்ணன் பாத்துக்கிறேன்" என்று ஒரு குரல் பதிவு, பின்னணியில் லாரி ஹாரன். விமான முன்பதிவு எண்ணைக் கேட்டேன். ஆறு எழுத்து அனுப்பினார். விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டால் அப்படி ஒரு பதிவே இல்லை என்று வந்தது. "குரூப் டிக்கெட் தங்கச்சி, தனியாப் பாத்தா காட்டாது."

கடைசியாக ஒரு சமாதானம் சொன்னார் பாருங்கள். 6,850 வெள்ளிக்குப் பதிலாக எனக்கும் அம்மாவுக்கும் லங்காவி, மூன்று நாள், டால்பின் பார்க்கலாம். "அதுவும் ஹம்ப்பேக்தான், கூகுள்ல போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். உண்மைதான், கூன்முதுகு டால்பின் என்று ஓர் இனம் லங்காவிக் கடலில் இருக்கிறது. நம்ம மாத்தாங் கடலோரத்திலும் இருக்கிறது, இங்கிருந்து காரில் போய்விட்டு அன்றைக்கே திரும்பலாம். அந்தப் பிராணிகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டரை மீட்டர் டால்பினையும் பதினைந்து மீட்டர் திமிங்கிலத்தையும் பெயர் ஒன்றாக இருக்கிறது என்று ஒரே விலைக்குத் தள்ளுகிற ஆளை என்ன சொல்வது?

நேற்று இரவு தூக்கம் வராமல் அவருடைய முகநூல் பக்கத்தை நோண்டினேன். ஹம்ப்பேக்கின் வால் அடிப்பக்கத்தில் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கோலம் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்துத்தான் ஆள் அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள். "போன வருஷம் நம்ம குரூப் பெர்த்தில் எடுத்தது" என்று ஒரு வால். "ஹார்வி விரிகுடா, மறக்க முடியாத பயணம்" என்று இன்னொரு வால். ஹார்வி விரிகுடா கிழக்குக் கரையில் இருக்கிறது, அங்கே வரும் கூட்டமே வேறு. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் பல் கடித்தது மாதிரி ஒரு வெட்டு. மற்றதில் அதே வெட்டு வலது ஓரத்தில். வாலிலிருந்து வழியும் தண்ணீர்த் துளிகூட ஒன்று மாறாமல் இருந்தது. ஒரே படம், கண்ணாடியில் காட்டியது மாதிரித் திருப்பிப் போட்டிருக்கிறார். யார் பெற்ற பிள்ளை எந்தக் குளிரில் நின்று எடுத்த படமோ. படம் எடுத்துப் பிழைக்கிற நான், ஏப்ரலில் அந்த மேசையில் இதைப் பார்த்து "அழகா இருக்குண்ணே" என்று சொன்னேன்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன். நேரமில்லை, விடிந்தால் பாலர் பள்ளிப் பட்டமளிப்பு விழாவுக்குப் படம் எடுக்கப் போக வேண்டும், 6,850 வெள்ளியை மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சுவரில் மாட்டியிருப்பது எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) தரும் வணிகப் பதிவுதான் என்றால் அது சுற்றுலா உரிமம் இல்லை. 1992 சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் தனியாக வேண்டும், எண்ணைக் கேட்டு அமைச்சிடமே சரிபாருங்கள். தனிநபர் கணக்கில் ஒரு சென்கூடப் போடாதீர்கள். போடுவதற்கு முன்னால் மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். இப்போதுதான் பணம் போனது என்றால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள், என்னை மாதிரி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ஆஸ்திரேலியாவுக்கு நமக்கு வேண்டிய இடிஏவை (மின்னணுப் பயண அனுமதி) கைப்பேசிச் செயலியிலேயே எடுக்கலாம், கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர், அதற்கு ஏஜெண்ட் தேவையில்லை. மாதத்தை மாற்றினால் அந்த நிமிடமே பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நான் அடுத்த வாரம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடுகிறேன், கட்டணம் 5 வெள்ளி. வேறு யாராவது இதே ஆளிடம் மாட்டியிருந்தால் ரசீதோடு எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து போகலாம்.

இதை எழுதி முடிக்கும்போது மணி பதினொன்றரை. அவர் பக்கத்தில் புது விளம்பரம் வந்திருக்கிறது: ஜனவரி சிறப்புச் சலுகை, பெர்த், திமிங்கிலம் பார்க்கலாம், 6,850 வெள்ளியைக் கோடு போட்டு அடித்து 5,999. மேலே அதே வால், வெட்டு இந்தத் தடவை இடது பக்கம். பதினேழு பேர் விலை விவரம் கேட்டிருக்கிறார்கள். நான் போட்ட பதிலை அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்.